வெளியே போகிறவர்களுக்கு என்ன பரிசு?

பரிசு கொடுப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தமக்குப் பிடித்ததைப் பிறருக்கு வாங்குபவர் ஒரு வகை. கடைக்காரருக்குப் பிடித்ததை வாங்குபவர் இரண்டாம் வகை. பெறுகிறவருக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து வாங்குபவர் மூன்றாம் வகை. முதலிரு வகையினர் நாட்டில் ஏராளம். மூன்றாம் வகையினரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் தமிழ் மன்றத்து நண்பர்கள் அனைவரும் மூன்றாம் வகையினரே என்ற நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதத் துணிகிறேன்.

வீட்டோடு இருப்பவருக்குப் பரிசு வாங்குவது எளிது. பூச்சாடியோ கடிகாரமோ எதைக் கொடுத்தாலும் மேசை மேல் ஓரிடத்தில் இருந்துகொள்ளும். பிடிக்காவிட்டால் பீரோவுக்குள் போய்விடும். ஆனால் காடு மலை என்று வெளியே போவதில் விருப்பமுள்ளவர்களின் கதை வேறு. அவர்கள் எடுத்துச் செல்லும் பொருள் ஒவ்வொன்றும் முதுகில் எடையாக ஏறுகிறது. வேண்டாத பரிசை அவர்கள் மன்னித்தாலும் அவர்கள் முதுகு மன்னிக்காது.

புனேக்கு வரும்வரை இந்தச் சிக்கலை நான் அறிந்ததில்லை. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்பது பள்ளிக்கூடப் படத்தில் பழுப்பு நிறத்தில் தீட்டப்பட்ட ஒரு பகுதி. இங்கோ ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பாதி ஊர் மலையடிவாரத்தில் நிற்கிறது. நகரத்துக்குள்ளேயே வேதாள் டேக்டி என்று ஒரு குன்று உண்டு. பெயரைக் கேட்டதும் விக்கிரமாதித்தனையும் முருங்கை மரத்தையும் நினைத்துக்கொண்டு போனேன். வேதாளுக்கு அங்கே ஒரு கோயில் இருப்பது உண்மைதான். மற்றபடி நான் கண்டவர்கள், கைத்தடியும் கம்பளிக் குல்லாயுமாக என்னை முந்திக்கொண்டு ஏறிய ஓய்வுபெற்ற பெரியவர்களே! அவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்கு வாங்கியது.

நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் சிங்ககட் கோட்டை இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் உயரம். 1670-ஆம் ஆண்டில் தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்து மீட்ட கோட்டை அது. இன்று புனே இளைஞர்கள் அதை வாரந்தோறும் மீட்கிறார்கள். உச்சியில் கிராமத்துப் பெண்கள் சுட்டுத் தரும் சோள ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் மண்குடுவைத் தயிரும் அவர்களுடைய வெற்றி விருந்து. ராஜ்கட், தோரணா, ஹரிச்சந்திரகட் என்று சஹ்யாத்ரி மலைத்தொடர் முழுவதும் இப்படிக் கோட்டைகள். ஆகவே இவ்வூரில் யாருக்குப் பரிசு வாங்கப் புறப்பட்டாலும் அவர் மலையேறுபவராக இருந்துவிடும் அபாயம் மிகுதி.

சென்ற ஆண்டு டிசம்பரில் அந்த அபாயம் என்னைத் தேடி வந்தது. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கிறிஸ்துமஸை ஒட்டிச் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுக்கும் வழக்கம் உண்டு. யார் பெயர் வருகிறதோ அவருக்கு, கொடுப்பவர் இன்னார் என்று தெரியாமல், ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு பரிசு வாங்கி மேசையில் வைத்துவிட வேண்டும். உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறும் நாளைச் சோதிடராலும் சொல்ல முடியாத காலத்தில், ஐந்நூறு ரூபாய் என்பது சிறிய தொகை அன்று. எனக்கு வந்த சீட்டில் இருந்தது எங்கள் மூத்த மராத்தியத் தோழர் பெயர். அவரை எல்லோரும் 'தாதா' என்று அழைப்போம். நம்மூரில் அச்சொல்லுக்கு வேறு பொருள். இங்கே அண்ணன் என்று பொருள். கத்தி கப்படா எதுவும் இல்லாத சாதுவான மனிதர். திங்கள் முதல் சனி வரை வேதியியல், ஞாயிறு மலை என்று வாழ்க்கையைப் பங்கிட்டுக் கொண்டவர்.

பரிசு பற்றிப் பொதுவாகப் பேசுவதுபோல் அவரிடமே பேச்சுக் கொடுத்தேன். அவர் சொன்ன கணக்கைக் கேட்டுத் திகைத்தேன். அதுவரை நண்பர்கள் அவருக்குக் கொடுத்தவை: தண்ணீர் பாட்டில்கள் ஏழு, தொப்பிகள் நான்கு, மலைப்படம் அச்சிட்ட சட்டைகள் மூன்று, திசைகாட்டி பதித்த சாவிக்கொத்து ஒன்று. அந்தத் திசைகாட்டி எப்போதும் அவர் அறையின் கதவையே வடக்கு என்று காட்டுமாம். "மலையேறுபவனுக்குக் கொடுக்கிறோம் என்று எண்ணி, மலையின் படத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். ஓர் ஆகஸ்டு மாதம், மழைக்காலத்தில், எட்டுப் பேராக ஒரு கோட்டைக்குப் போயிருக்கிறார்கள். இறங்கும்போது மேகம் சரிவின் மேல் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த இருவரைக் காணவில்லை. தொண்டை வற்றக் கூப்பிட்டார்கள். மழை இரைச்சலில் குரல் எடுபடவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து மேகம் விலகியபோது, காணாமற்போனவர்கள் கல்லெறி தூரத்தில் ஒரு பாறையடியில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் அதுவரை கத்திக்கொண்டேதான் இருந்தார்களாம்!

அன்றைக்கே என் பரிசு முடிவாயிற்று. ஒரு விசில். உள்ளே குண்டுமணி இல்லாத பிளாஸ்டிக் விசில், நனைந்தாலும் ஊதும். இதன் எடை ஒரு நெல்லிக்காயின் எடைகூட இராது. மனிதக் காது எல்லா ஒலியையும் ஒரேபோல் கேட்பதில்லை. நொடிக்கு இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் அதிர்வு வரையுள்ள ஒலிகளை மிக நுட்பமாகக் கேட்கும். விசிலின் கீச்சொலி இந்த எல்லைக்குள் விழுகிறது. பேச்சுக் குரலின் ஆற்றலில் பெரும்பகுதியோ இதற்குக் கீழே கிடக்கிறது. மேலும், கத்தினால் தொண்டை கட்டும். விசிலுக்குத் தொண்டை இல்லை. மலையேறுவோரிடையே ஒரு மொழி உண்டு: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதினால் 'உதவி வேண்டும்' என்று பொருள், மூன்று முறை பதில் வந்தால் 'கேட்டோம், வருகிறோம்' என்று பொருள். இதைச் சிறு சீட்டில் எழுதி விசிலோடு கட்டினேன். மீதிப் பணத்துக்கு ஒரு சோடிக் கம்பளிக் காலுறை. பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்துக்கொண்டு காலைக் கொப்புளிக்க வைக்கும். கம்பளி ஈரத்திலும் கதகதப்பைக் காக்கும்.

தாதா இன்றுவரை அந்த விசிலைப் பையின் தோள்வாரில் கட்டியிருக்கிறார். ஒரு முறைகூட அதை ஊத நேரவில்லை என்பதே எனக்கு மகிழ்ச்சி.

இவ்விடத்தில் ஒரு பெரிய மலையேறியை நினைக்கத் தோன்றுகிறது. 1953 மே 29-ஆம் நாள் டென்சிங் நோர்கே, எட்மண்ட் ஹில்லாரியுடன் எவரெஸ்டு உச்சியில் நின்றார். அப்போது அவர் உடம்பில் இருந்தவற்றைப் பற்றி அவரே தம் வரலாற்றில் கூறியிருக்கிறார். காலுறை, அவர் மனைவி ஆங் லாமு பின்னியது. கம்பளிச் சட்டை, இமாலயக் கழகத்தைச் சேர்ந்த திருமதி ஹெண்டர்சன் தந்தது. தலைக்குக் கம்பளிக் குல்லாய், 1947-இல் அவருடன் எவரெஸ்டு ஏற முயன்ற ஏர்ல் டென்மன் விட்டுச் சென்றது. கழுத்தில் சிவப்புத் துணி, முந்திய ஆண்டு அவருடன் 8,500 மீட்டருக்கு மேல் ஏறித் திரும்பிய சுவிட்சர்லாந்து நண்பர் ரேமண்ட் லாம்பெர்ட் கொடுத்தது. உச்சியின் பனியில் அவர் புதைத்துவிட்டு வந்தவற்றுள் ஒன்று, இளைய மகள் நீமா தந்தனுப்பிய சிறு வண்ணப் பென்சில். உலகத்தின் மிக உயர்ந்த இடத்துக்குப் போனவர், தலை முதல் கால் வரை பிறர் கொடுத்ததை அணிந்துகொண்டுதான் போயிருக்கிறார்! அவற்றுள் ஒன்றிலேனும் மலைப்படம் அச்சிடப்பட்டிருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பென்சிலே எனக்கு இன்னொரு பரிசுக்கும் வழி காட்டியது. என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் பறவை பார்ப்பவர். அவரிடம் நல்ல தொலைநோக்கி இருக்கிறது. அதைவிட நல்லது வாங்க என் ஓராண்டு உதவித்தொகை போதாது. ஆனால் அவர் குறிப்பெழுதும் நோட்டைப் பார்த்தேன். பாதிப் பக்கங்கள் மழையில் மை கரைந்து நீலக் குளமாகக் கிடந்தன. கெட்டி அட்டையில் சட்டைப்பைக்கு அடங்கும் நோட்டு ஒன்றும் பென்சில் இரண்டும் வாங்கிக் கொடுத்தேன். பென்சிலின் கரி நீரில் கரையாது, குளிரில் உறையாது, தலைகீழாகப் பிடித்தாலும் எழுதும். அறுபது ரூபாய் ஆயிற்று. மாணவன் பேராசிரியருக்குப் பரிசு கொடுப்பதில் உள்ள சங்கடம், விலை அறுபது ரூபாய் என்றபோது மறைந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கும் பறவைகளுக்கும் ஒரு பழைய தொடர்பு இருப்பதை அவர்தாம் எனக்குச் சொன்னார். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று இரு கட்சியாகப் பிரிந்து வேட்டைக்குப் போய், யார் அதிகப் பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவிக்கிறார்கள் என்று போட்டியிடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1900-ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்ற பறவை அறிஞர், 'சுட வேண்டாம். எண்ணுவோம்' என்று ஒரு யோசனை சொன்னார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் 27 பேர் வெளியே போய்ப் பறவைகளை எண்ணினர். அக்கணக்கெடுப்பு ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணுகிறார்கள். நம் நாட்டுப் பறவை அறிஞர் சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு, பையனை விரட்டவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் இரவல் தந்தார். இரவல் புத்தகமும் ஒரு பரிசுதானே? அதற்கு நாடு எத்தனை கடன்பட்டிருக்கிறது!

பரிசு பெற்ற மகிழ்ச்சியில் பேராசிரியர் எங்கள் எல்லோரையும் பிக்வணுக்கு அழைத்துச் சென்றார். புனேயிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்; உஜனி அணையின் நீர் பரந்து தேங்கிய இடம். குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கே கூட்டமாக வந்திறங்கும். விடியற்காலை மங்கலில் படகில் போனோம். நீண்ட கால்களும் வளைந்த அலகும் இளஞ்சிவப்பு இறகுமாக நூற்றுக்கணக்கில் நின்றன. தோழர்கள் வியந்து நின்றார்கள். எனக்கோ அவை பழகிய பறவைகளாகத் தோன்றின. "இவற்றை என் அம்மா வேலைக்குப் போகிற இடத்தில் பார்த்திருக்கிறேன், ஐயா" என்றேன். பேராசிரியர் நோட்டைத் திறந்தார், பென்சிலை எடுத்தார். "எந்த மாதம்? எத்தனை இருக்கும்?" என்று கேட்டார்.

அன்றிரவு அம்மாவுக்குக் கைப்பேசியில் கேட்டேன்.

என் அம்மா உப்பளத் தொழிலாளி. இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியைச் சேர்ந்தது. தை பிறந்து தரை காய்ந்ததும் பாத்தி மிதிக்கத் தொடங்குவார்கள். பிறகு ஐப்பசி மழை வரும் வரை உப்பு வாருதல், சுமத்தல், அம்பாரம் குவித்தல். நடுச்சாமம் கழிந்ததும் எழுந்து, இருட்டோடு அளத்தில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். புடவை மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் சும்மாடு. இதுதான் அவர்கள் உடுப்பு. நான் முதுநிலைப் படிப்புக்குப் புனே வருகிறேன் என்றபோது அம்மா சொன்னது நினைவிருக்கிறது: "நீ டிகிரிக்குப் படிக்கே. நாங்க டிகிரி பாத்துத்தான் பாத்திக்குத் தண்ணி விடுதோம். ரெண்டும் கணக்குத்தான்யா." உப்புநீரின் அடர்த்தி 25 டிகிரியை எட்டினால்தான் உப்பு மணி கட்டும். அதை அளக்கும் மானி வருமுன்னரே அம்மா நாக்கால் சொல்லிவிடுவாள்.

பூநாரை பற்றிக் கேட்டதும் அவளுக்கு ஒரே உற்சாகம். "நாரையா? மழை விட்டா வந்துரும்யா. தெக்குத் தெப்பத்துல கூட்டமா நிக்கும். ரோசாப்பூ நெறம். ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டே உறங்கும். அந்த வெள்ளை வெயில்ல எப்படித்தான் நிக்குதோ, அதுகளுக்குக் கண்ணு கூசாது போல."

கடைசி வார்த்தையை அவள் போகிற போக்கில் சொன்னாள். என்னால் போகிற போக்கில் கேட்க முடியவில்லை. அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவள் வலக்கண்ணில் கருவிழியின் ஓரமாக வெண்சதை சிறிது வளர்ந்திருப்பதைக் கண்டேன். ஊரில் நடந்த கண் முகாமில் பார்த்த மருத்துவர், வெயிலும் காற்றும் படாமல் கண்ணைக் காத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். வெயிலும் காற்றும் படாமல் உப்பளத்தில் வேலை பார்ப்பது எப்படி என்பதை அவர் சொல்லவில்லை. புறஊதாக் கதிரில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு, மீனவர், உழவர், உப்பளத்தார் ஆகியோருக்கு, இச்சதை மிகுதியாக வளர்வதை மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெளியே போகிறவர்கள் என்றதும் தாதாவையும் பேராசிரியரையும் நினைத்தோமே! இருபத்திரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் வெளியே போகும் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். மலையேறுபவர் பனியைப் பார்க்கப் போகும்போது கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகமாட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கடல் நுரை 25 சதவீதம். உலர்ந்த கடற்கரை மணல் 15 சதவீதம். வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, கீழிருந்தும் அடிக்கிறது. தொப்பியும் தலைத்துண்டும் மேலிருந்து வருவதைத் தடுக்கலாம். வெள்ளைத் தரையிலிருந்து எழும்பி வருவதைத் தடுக்க முடியாது. பனிமலையும் உப்பளமும் கண்ணுக்கு உறவுமுறைதான்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருந்தது. எங்கள் வீட்டில் அது பெரிய பண்டிகை. அந்த ஆண்டு அம்மாவுக்குப் புடவையோடு கண்ணாடியும் என்று முடிவு செய்தேன். புனேயில் கேம்ப் பகுதியில் கிறிஸ்துமஸ் வாரத்தில் நடமாட இடமிராது. மகாத்மா காந்தி சாலை நெடுக விளக்கு. கயானி ரொட்டிக்கடை வாசலில் பிஸ்கோத்து வாங்க நீண்ட வரிசை. அந்தக் கூட்டத்தில் நடைபாதைக் கடை ஒன்றில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். மலைப்பொருள் விற்கும் பெரிய கடையில் போய்ப் பார்த்தேன். பனிமலைக் கண்ணாடியின் விலை மூவாயிரத்துக்கு மேல். கண்ணாடி மிக நன்றாக இருந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் என் வேலை முடிந்தபின், நிறமாலை ஒளிமானியில் நடைபாதைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மெல்லிய படலங்கள் எந்த ஒளியை விழுங்குகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. கண்ணாடியும் ஒரு படலம்தானே! கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எட்டில் ஏழு பங்கை அது தடுத்தது. பார்க்கக் கன்னங்கரேலென்று இருந்தது. ஆனால் 380 நானோமீட்டரில், அதாவது புறஊதாப் பகுதியில், மூன்றில் ஒரு பங்கை உள்ளே விட்டது. இது கண்ணாடி இல்லாததைவிட நல்லது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனெனில் இருட்டான கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாவை விரியும். கதவை அகலத் திறந்துவைத்துத் திருடனுக்கு வழிவிட்டதுபோல் ஆகும். நண்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்: கறுப்பு நிறம் வேறு, காப்பு வேறு. நிறமே இல்லாத கண்ணாடி புறஊதாக் கதிரை முழுவதும் தடுப்பதும் உண்டு.

பிறகு தாதாதான் வழி சொன்னார். "மலைக் கடைக்கு ஏன் போகிறாய்? இரும்புக் கடைக்குப் போ" என்றார். ரவிவார் பேட்டையில் போரி ஆளி என்ற சந்தில் ஆணி, சுத்தியல், கயிறு, கையுறை விற்கும் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. தொழிற்சாலைத் தொழிலாளர் அணியும் பாதுகாப்புக் கண்ணாடி அங்கே கிடைத்தது. பாலிகார்பனேட்டு வில்லை, புகை நிறம், பக்கவாட்டிலும் மூடியிருக்கும், கீழே விழுந்தாலும் உடையாது. விலை நூற்றெண்பது. ஒளிமானியில் வைத்தேன். 380 நானோமீட்டரில் முள் எழவே இல்லை என்று சொல்லலாம். மூவாயிரம் ரூபாய்க் கண்ணாடி செய்யும் வேலையில் எங்களுக்கு வேண்டிய பகுதியை நூற்றெண்பது ரூபாய்க் கண்ணாடி செய்தது.

ஊருக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தேனா என்றால், முதலில் கைப்பேசியில் சொல்லிப் பார்த்தேன். நல்லவேளை சொன்னேன். "கூலிங் கிளாசா? எய்யா, அதைப் போட்டுக்கிட்டு அளத்துல எறங்குனா எல்லாவளும் சிரிப்பாளுவ. சினிமாக்காரி வந்துட்டான்னு பேர் வச்சுருவாளுவ!" என்றாள். ஒளிமானி இதை எனக்குச் சொல்லவில்லை. அம்மா தனியாக உப்பு வாருவதில்லை. ஆறு பேர் கொண்ட குழுவில் வாருகிறாள். ஒருத்தி மட்டும் அணிந்தால் அது வேடிக்கை. ஆறு பேரும் அணிந்தால் அது வழக்கம். மறுபடியும் போரி ஆளிக்குப் போய் இன்னும் ஐந்து வாங்கினேன். ஆறுக்கும் ஆயிரத்து எண்பது ரூபாய். வியர்வையில் நழுவாதிருக்கப் பின்னால் கட்ட நாடாவும் வாங்கினேன். அவ்வாண்டு எனக்குப் புதுச்சட்டை இல்லை. பழைய சட்டை நன்றாகவே இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மாலை, ஆறு பெண்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பைத் தெருவே கேட்டது. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஒருத்தி தன்னுடையதை மோட்டார் சைக்கிள் ஓட்டும் மகனுக்குக் கொடுத்துவிட்டாள். இன்னொருத்தி பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள், கலியாணத்துக்குப் போட. நான்கு பேர் தை மாதம் முதல் அணிகிறார்கள். பங்குனியில் அம்மா சொன்னாள்: "இப்பல்லாம் வீட்டுக்கு வந்தா கண்ணு எரிச்சல் கொறவுய்யா. மணலை அள்ளிப் போட்டாப்புல இருக்கும்லா, அது இல்லை." வளர்ந்த சதை மறையவில்லை, மேலும் வளரவில்லை என்று மருத்துவர் சொன்னார். எனக்கு அது போதும்.

பொங்கலுக்கு முன்பே பேராசிரியரும் தம் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார்: 'தூத்துக்குடி உப்பளம், தென்புறத் தெப்பம், பூநாரை, சுமார் இருநூறு.' பார்த்தவர் என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் பெயர் கூலிக் கணக்கில் மட்டுமே எழுதப்பட்டு வந்தது.

நண்பர்களே, இந்த ஆண்டும் கிறிஸ்துமஸ் வருகிறது. அம்மாவிடம், "இந்த வருசம் உனக்கு என்னம்மா வேணும்?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ ஏறுதியே அந்த மலை, அதைப் பாக்கணும்யா. வேலைக்கின்னு இல்லாம, கையில பெட்டி இல்லாம, சும்மா ஒரு நாள் வெளியே போயிட்டு வரணும்" என்றாள். இயற்கையில் ஈடுபாடு என்று நாம் சொல்வதெல்லாம் அவளிடம் இருக்கிறது. காற்றின் திசையை வைத்து நாளைய மழையைச் சொல்வாள். நாரை ஒற்றைக்காலில் உறங்குவதைப் பார்த்து நிற்பாள். சும்மா பார்ப்பதற்கு ஒரு நாள்தான் இதுவரை அவளுக்குக் கிடைக்கவில்லை.

மார்கழியில் அளத்தில் வேலை இல்லை. நாகர்கோவிலிலிருந்து மும்பை போகும் ரயில் மதுரை வழியாகப் புனேக்கு வருகிறது. சீட்டு எடுத்துவிட்டேன், தாதா வழித்துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சிங்ககட் உச்சி வரை வண்டி போகும் சாலை இருப்பதால் அம்மாவின் முழங்காலுக்குத் துன்பம் இல்லை. சோள ரொட்டியில் உப்புக் குறைகிறது என்று அவள் சொல்லப் போவது மட்டும் உறுதி.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியே போகிறவர்களுக்குப் பரிசு வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவர் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்? திரும்பி வரும்போது உடம்பில் எங்கே வலிக்கிறது? அவருடன் போகிறவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்கு விடை தெரிந்தால் விலை தானே குறைந்துவிடும். மலையேறும் நண்பரிடம் மட்டும் கேட்காதீர்கள். வயலில் நிற்கும் தந்தையாரிடமும், கடலுக்குப் போகும் மாமாவிடமும், வெயிலில் தபால் சுமக்கும் அண்ணனிடமும் கேளுங்கள். கண்ணாடி வாங்குவதாயின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்து வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் ஒளிமானி சும்மாதான் இருக்கிறது. கட்டணம் ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து வரும்போது கொஞ்சம் கருப்பட்டி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

அனைவர்க்கும் என் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.